சிறிய தனியார் பல்கலைக்கழகத்தில் இயற்கை வளப் பாதுகாப்பு: கொழும்பில் படிக்கப் போகிறவர்களுக்கு

கட்டணத்தைப் பற்றிப் பேசுமுன், பட்டத்தை வழங்குவது யார் என்று கேளுங்கள். உள்ளூர்ப் பட்டமென்றால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் நீங்கள் சேரப்போகும் பட்டத்தின் பெயரே வர்த்தமானியில் வந்திருக்க வேண்டும்; நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. வெளிநாட்டுப் பட்டமென்றால், அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்றுக்கொள்கிறார்களா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அரச வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இதைத் தேடினால் பயனில்லை. இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், 90 கிரெடிட். சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், 120 கிரெடிட். ஆய்வுத்துறைக்குப் போக விரும்பினால் 6ஆம் மட்டத்தில் சேருங்கள்.

அடுத்து, முழுநேர விரிவுரையாளர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். வருகை விரிவுரையாளர் பாடத்தை நன்றாக நடத்தலாம், ஆனால் இறுதி ஆண்டு ஆய்வை மாதக்கணக்கில் மேற்பார்வை செய்ய அவருக்கு நேரம் இருக்காது. சிறிய இடத்தின் பெரிய பலமே, விரிவுரையாளர் உங்கள் தரவை உங்களோடு உட்கார்ந்து பார்ப்பதுதான். அது கிடைக்காவிட்டால் அங்கே சேர்வதற்குக் காரணமே இல்லை.

வாகனமும் ஆய்வுகூடமும் குறைவாகத்தான் இருக்கும். அதனால் முதல் அரையாண்டிலேயே பஸ்ஸில் போய்வரக்கூடிய ஓர் ஈரநிலத்தைத் தெரிவுசெய்து, படிப்பு முடியும்வரை அதையே அளந்துவாருங்கள். பெத்தகான, தலவத்துகொட தியசறு பூங்கா, பெல்லன்வில–அத்திடிய, சற்றுத் தள்ளி முத்துராஜவெல என்று இடத்துக்குக் குறைவில்லை. ஈரநிலங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக ஏற்கப்பட்டது. நான்கு இடங்களை ஒவ்வொரு தடவை பார்ப்பதைவிட, ஓரிடத்தின் மூன்றாண்டுத் தரவு பல மடங்கு பெறுமதியானது.

நீரை எப்போதும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். விடியற்காலையில் கரைந்த ஒட்சிசன் மிகக் குறைந்திருக்கும். பாசிகளின் ஒளித்தொகுப்பால் பிற்பகலில் ஏறும். ஒரு மாதம் காலை 7 மணிக்கும் மறுமாதம் பிற்பகல் 2 மணிக்கும் எடுத்தால், நீங்கள் காண்பது நேரத்தின் மாற்றம், ஈரநிலக் கால்வாயின் மாற்றமல்ல. ஒட்சிசனை அந்த இடத்திலேயே அளந்துவிடுங்கள். மற்ற மாதிரிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் 4 பாகை செல்சியஸ் அளவில் கொண்டுவாருங்கள். உயிரிரசாயன ஒட்சிசன் தேவைக்கான (நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் பயன்படுத்தும் ஒட்சிசன்) போத்தலில் ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக்கூடாது. 20 பாகையில், இருட்டில், 5 நாள் வைக்க வேண்டும். திங்களன்று வைத்தால் ஐந்தாம் நாள் சனிக்கிழமை, ஆய்வுகூடம் பூட்டியிருக்கும். புதன், வியாழன், வெள்ளியில் தொடங்குங்கள். அளந்த நாளுக்கு முன்னைய மூன்று நாள் மழையையும் குறித்துவையுங்கள். தென்மேல் பருவமழை வந்ததும் எல்லா எண்களும் மாறும்.

ஒரே கால்வாயில் ஒரே காலையில் எடுத்த பத்துப் போத்தல், ஒன்றையொன்று சாராத பத்து மாதிரியாகாது. புள்ளிவிபரவியலில் இளநிலை ஆய்வுகள் பெரும்பாலும் விழுவது இங்கேதான். உங்கள் ஈரநிலத்தின் வெவ்வேறு கால்வாய்களில், வெவ்வேறு நாட்களில் எடுங்கள்.

மரங்களை அளக்க 10 × 10 மீற்றர் சதுர நிலம் போதும். தரையிலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் சுற்றளவை அளந்து 3.14ஆல் வகுத்தால் விட்டம் வரும். சரிவில் மேட்டுப் பக்கம் நின்று அளவிடுங்கள்; பலகை வேர் இருந்தால் அதற்கு மேலே அளந்து, அளந்த உயரத்தையும் எழுதுங்கள்.

வரைபடத்தில் எல்லோரும் இடறும் ஓரிடம் உண்டு. தொலைபேசியின் ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகப் பொது ஆள்கூற்று முறை. இலங்கை வரைபடங்களில் பழைய கண்டவல வலையமைப்பும் 1999 வலையமைப்பும் இரண்டுமே புழங்குகின்றன. முன்னதன் தொடக்க எண் (வலையமைப்பின் தொடக்கப் புள்ளிக்குக் கிழக்கிலும் வடக்கிலும் கொடுத்த எண்) 2,00,000 மீற்றர், பின்னதன் தொடக்க எண் 5,00,000. மாற்றித் தெரிவுசெய்தால் உங்கள் புள்ளிகள் கிழக்கிலும் வடக்கிலும் 300 கிலோமீற்றர் தள்ளி விழும். கியூஜிஐஎஸ் (QGIS) வரைபட மென்பொருளில் தெரிவுசெய்ய வேண்டிய இபிஎஸ்ஜி குறியீட்டெண் கண்டவலவுக்கு 5234, 1999க்கு 5235.

சரணாலயத்திலும் ஒதுக்குக்காட்டிலும் அனுமதியின்றி ஓர் இலையைக்கூடச் சேகரிக்காதீர்கள். வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் வனத் திணைக்களத்துக்கும் தனித்தனி விண்ணப்பம். இடம் யாருடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பதிலுக்கு மாதங்கள் ஆகலாம், ஆகவே மூன்றாம் ஆண்டு முடியுமுன் மேற்பார்வையாளரின் கடிதத்தோடு அனுப்பிவிடுங்கள். சேற்றில் இறங்கும் நாளில் முழங்கால்வரை பூட்ஸ் போடுங்கள், காலில் காயம் இருந்தால் இறங்கவே வேண்டாம். எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது. இறங்கியபின் காய்ச்சல் கண்டால், சேற்றில் நின்றதை வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

சட்டப் பாடத்தை மனனம் செய்வதைவிட, 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வெளியாகும் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஒன்றை முழுதாக வாசியுங்கள். பொதுமக்கள் கருத்துக்கு 30 வேலைநாட்கள் திறந்திருக்கும். உங்கள் ஈரநிலத்தைத் தொடும் அறிக்கை வந்தால், அதன் ஒட்சிசன், பறவை எண்களை உங்கள் கொப்பியோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் திகதியும் நேரமும் இடமும் போட்டுக் கருத்தாக அனுப்புங்கள்.