தொண்டை கட்டுமுன்னே தண்ணீர் குடியுங்கள்

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஒரே மண்டபத்தில் நாலு வகுப்பு, நடுவில் சுவர் இல்லை, மேலே தகரம். ஜூன், ஜூலை மழைக்காலத்தில் எங்களில் பாதிப் பேருக்குக் குரல் கம்மிவிடும்.

குடிக்கிற தண்ணீர் குரல்நாணில் படுவதே இல்லை. விழுங்கும்போது குரல்வளை மூடிக்கொள்கிறது. தண்ணீர் வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் சேர்ந்து, அப்புறம்தான் நாணின் மேல்தோலுக்கு ஈரம் கிடைக்கும். பெண்குரலில் அந்த நாண்கள் வினாடிக்குச் சுமார் 200 தடவை அதிரும். ஈரம் குறைந்தால் உரசல்தான். அதனால் காலையில் எழும்பினதும் ஒரு கிளாஸ், வீட்டைவிட்டுக் கிளம்புமுன் இன்னொன்று, பிறகு பாடத்துக்குப் பாடம் நாலு மிடறு.

மலைக் குளிருக்குத் தாகமே எடுக்காது, தாகத்தை நம்பியிருக்காதீர்கள். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை. மலசலகூடம் சரியில்லை என்று பகல் முழுக்க வாயைக் கட்டியிருக்கும் டீச்சர்மாரை எனக்குத் தெரியும். அதற்கு வழி தண்ணீரை நிறுத்துவது இல்லை, எல்லோருமாகப் போய் அதிபரிடம் கேட்பதுதான்.

தேத்தண்ணி அளவோடு குடிக்கலாம், அதுவும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும். மல்லித்தண்ணி இதமாக இருக்கும். நாணுக்கு நேரே போய்ச் சேருவது ஆவிதான். வெறும் சுடுதண்ணீரில் பிடியுங்கள். தைலம் போட்டால் சிலருக்குத் தொண்டை எரியும்.

தகரத்தில் மழை கொட்டும்போது பேசவே வேண்டாம். கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பிள்ளைகளுக்கு இடையே நடக்கிறேன். இரண்டு தடவை கைதட்டினால் நிமிர்ந்து பார்க்கப் பழக்கியிருக்கிறேன். தொண்டையைச் செருமாதீர்கள், நாண்கள் ஒன்றோடொன்று மோதும். ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். குரல் கம்மியிருக்கும்போது குசுகுசுப்பதும் ஓய்வு ஆகாது, பலருக்கு அதில் தொண்டை இன்னும் இறுகும்.

மாசியில் காமன் கூத்துக்கு விடிய விடியப் பாடுகிறவர்களுக்கும் இதேதான். பாட்டுக்கு நடுவில் மூக்கால் மூச்செடுங்கள், பிளாஸ்க்கில் இளஞ்சூட்டுத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். சாராயம் போட்டால் குரல் திறக்கும் என்பார்கள், நம்பவேண்டாம்.

கம்மல் 3 வாரத்துக்கு மேல் நீடித்தால் கண்டி தேசிய வைத்தியசாலை மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள். விழுங்க வலி, இருமலில் இரத்தம் என்றால் 3 வாரம் பார்க்காமல் உடனே போங்கள். மூச்சுத் திணறினால் அந்த நிமிடமே.