மாத்திரை எந்த நாளில் நின்றது என்று கண்டுபிடிப்பது எப்படி

சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுத்துவந்த ஒருவர் இடையில் நிறுத்திவிட்டால், வீட்டில் அவருக்குத் திட்டு விழுகிறது; மருத்துவமனையில் ‘டென்ஷன் ஆகாதீங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க’ என்ற அறிவுரை கிடைக்கிறது. அறிவுரையில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தைத் தானே தீர்மானிக்க முடியாத வேலையில் இருப்பவரும், தவணைக்கு நாள் குறிக்கப்பட்ட கடனில் இருப்பவரும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தமிழ்நாட்டில் தினக்கூலிக்கோ வாரக்கூலிக்கோ போகும் ஒருவருடைய நீண்டகால நோயைக் கவனித்துக்கொள்ளும் மகனுக்கோ மகளுக்கோ மருமகளுக்கோ உதவும் என்று எண்ணி இதை எழுதுகிறேன். சிகிச்சை அறுந்துபோன இடம் எது என்று கண்டுபிடிப்பதும், அந்த இடத்தில் முடிச்சுப் போட நம் கைக்கு எட்டிய வழிகள் எவை என்று பார்ப்பதும் இதன் நோக்கம்.

முதலில் உடலுக்குள் நடப்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அச்சமோ நெருக்கடியோ நேரும்போது, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்டிசாலையும் சுரக்கின்றன. அட்ரினலின் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உடனே ஏற்றுகிறது. கார்டிசால் கல்லீரலிலிருந்து சர்க்கரையை இரத்தத்தில் கலக்கவிட்டு, இன்சுலினின் வேலையையும் மந்தப்படுத்துகிறது. நாய் துரத்தும்போது ஓடுவதற்கு இந்த ஏற்பாடு மிகவும் பொருத்தமானது. நாய் போன பிறகு எல்லாம் அடங்கிவிடும். வாரந்தோறும் வாசலுக்கு வரும் தவணையோ அப்படிப் போவதில்லை. அதனால் அந்தச் சுரப்பும் முழுமையாக அடங்குவதில்லை.

வறுமையில் இருப்பவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று நினைக்கவும் வேண்டியதில்லை. 1967 முதல் லண்டன் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த ஏறத்தாழ 18,000 ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்வில், கடைநிலை ஊழியர்களிடையே இதயநோய் மரண விகிதம் மேல்நிலை அதிகாரிகளிடையே இருந்ததைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி எஞ்சியே நின்றது என்று அதைப் பகுப்பாய்ந்த மைக்கேல் மார்மாட்டும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். மாதச் சம்பளமும் இலவச அரசு மருத்துவமும் இருந்தவர்களிடையே கண்ட நிலை இது. இரண்டும் இல்லாதவர்களின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ‘மனக்கவலைதானே காரணம், அது தீர்ந்தால் சர்க்கரையும் இறங்கிவிடும்’ என்று மருந்தை நிறுத்துபவர்கள் உண்டு. கவலை நோயைக் கூட்டலாம். ஆனால் கவலை குறைந்தது என்பதற்காக மருந்தின் தேவை தானாக மறைந்துவிடாது.

காலண்டரும் நோட்டும்

என் அத்தை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். காலை எட்டரைக்கு உள்ளே போனால், ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டு மணிக்குத்தான் வெளியே வருவார். சனிக்கிழமை சம்பளம், செவ்வாய்க்கிழமை குழுக் கடன் தவணை. ஒரே ஆண்டில் மூன்று தடவை அவருக்கு மாத்திரை நின்றுபோயிருந்தது. ஏன் என்று எப்போது கேட்டாலும் ‘மறந்து போச்சு கண்ணு’ என்பதுதான் பதில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சமையலறைச் சுவரில் தொங்கிய நகைக்கடைக் காலண்டரைக் கழற்றிவந்து, அவருடைய சர்க்கரை நோட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தோம். நோட்டில் மாத்திரை வாங்கிய தேதிகள் இருந்தன. காலண்டரில் பால் கணக்கு, சிலிண்டர் வந்த நாள், சீட்டுப் பணம் கட்டிய நாள் எல்லாம் அவர் கையெழுத்திலேயே இருந்தன. ஏன் விட்டீர்கள் என்று கேட்காமல், அந்த வாரம் கம்பெனியில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

முதல் தடவை, மாத்திரை தீர்ந்த நாள் ஷிப்மெண்ட் வாரத்தில் விழுந்திருந்தது. அந்த வாரம் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அன்றைய கூலியும் போகும், அடுத்த ஆர்டருக்குக் கூப்பிடுவார்களா என்ற நிச்சயமும் போகும். இரண்டாவது தடவை, மாத்திரை கையில் இருந்தும் போடவில்லை. காலையில் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போன நாட்களில், மதியச் சாப்பாடு தள்ளிப்போகும்போது மேசைமுன் நின்றபடியே வியர்த்துக் கை நடுங்கியிருக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறி அது. அவரோ ‘மாத்திரை ஒத்துக்கல’ என்று முடிவு கட்டியிருந்தார். மூன்றாவது தடவை நின்றது, இரத்த அழுத்தத்துக்காகக் கொடுத்த நீர் மாத்திரை. அதைப் போட்டால் அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போகவேண்டும். சூப்பர்வைசர் எத்தனை தடவை எழுந்து போகிறார்கள் என்று எண்ணுவார். ஆக, மூன்று வெவ்வேறு காரணங்களை அத்தை மறதி என்ற ஒரே சொல்லில் மூடி வைத்திருந்தார். மூன்றுக்கும் தீர்வும் வேறுவேறு. திட்டினால் ஒன்றுகூடத் தீராது.

நீங்களும் இதையே செய்யலாம். கடந்த ஆறு மாதக் காலண்டரில், மருந்து வாங்கிய நாள், தீர்ந்திருக்க வேண்டிய நாள், சம்பள நாள், தவணை நாள், விரதம், ஊர்த் திருவிழா, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்டிய மாதம் ஆகியவற்றைக் குறித்துப் பாருங்கள். இடைவெளி எங்கே விழுகிறது என்பது பெரும்பாலும் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இந்தப் பேச்சு நோயாளியுடன் தனியாக நடக்க வேண்டும். மருந்துப் பணம் மதுக்கடைக்குப் போகும் வீட்டில், அடி விழும் வீட்டில், கணவனையோ மாமியாரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் உண்மை வராது. சில வேளைகளில் அந்த உளைச்சலுக்குக் காரணம் கேட்பவராகவே இருக்கலாம். அப்போது நீங்கள் விலகி, அவர் நம்பும் ஒருவரிடம் பொறுப்பை விடுவது நல்லது. வீட்டில் வன்முறை இருக்கிறது என்று தெரிந்தால், பெண்களுக்கான 181 என்ற உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது.

மருத்துவரிடம் எதைச் சொல்வது

அரசு மருத்துவமனையின் ஓ.பி.யில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. பின்னால் நிற்பவர் தோளை இடித்துக்கொண்டிருப்பார். அங்கே கதை சொல்ல முடியாது. எனவே சொல்ல வேண்டியதை வீட்டிலேயே இரண்டு வரிகளில் எழுதி ஓ.பி. சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். அத்தைக்கு நான் எழுதிக் கொடுத்தது இது: ‘காலை ஏழுக்குச் சாப்பிடுகிறேன், மதியச் சாப்பாடு சில நாள் இரண்டு மணி ஆகிறது, பன்னிரண்டரைக்கு நடுக்கமும் வியர்வையும் வருகிறது. வேலை நேரத்தில் அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போக முடியாது.’ இவ்வளவு போதும். சாப்பாட்டு நேரம் தெரிந்தால்தான் மருத்துவரால் அளவைக் குறைக்கவோ, வேளையை மாற்றவோ, சர்க்கரையை அவ்வளவு தாழ்த்தாத வேறு மருந்துக்கு மாற்றவோ முடியும். அந்த மாற்றத்தை அவர்தான் செய்ய வேண்டும். நாமாக அரை மாத்திரை, கால் மாத்திரை என்று உடைப்பது கூடாது. அதுவரை, நடுக்கம் வந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்து, பிறகு உணவு எடுக்க வேண்டும் என்று சொல்லிவையுங்கள். கைப்பையில் எப்போதும் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும்.

இரத்த அழுத்தம் பார்க்கும்போதும் சூழல் குறுக்கிடுகிறது. பேருந்திலிருந்து இறங்கி ஓடிவந்து, மாடிப்படி ஏறி, ‘நேரமாச்சு’ என்ற பதற்றத்தோடு உட்கார்ந்தவருக்கு எடுக்கும் அளவு கூடுதலாகவே காட்டும். தேநீர் குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கலாக வைத்து எடுக்க வேண்டும். அவசரமாக எடுக்கப்பட்டது என்று தோன்றினால், இன்னொரு முறை எடுக்கும்படி தயங்காமல் கேளுங்கள்.

கூலி, தூரம், காகிதம்

மருந்து வாங்கப் போவதற்கு ஒரு நாள் கூலி இழப்பு என்பதுதான் பலருக்கும் முதல் தடை. மருந்து இலவசமாகவே கிடைத்தாலும், அந்த நாள் இலவசம் அல்ல. இதைப் புரிந்துகொண்ட திட்டம் ‘மக்களைத் தேடி மருத்துவம்’. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட இதில், தன்னார்வலராக நியமிக்கப்பட்ட பெண்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். ஆனால் பகலில் அவர் வரும்போது வீடு பூட்டிக் கிடந்தால் பயனில்லை. அதனால் உங்கள் தெருவுக்கு வருபவர் யார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, அவருடைய கைப்பேசி எண்ணை வாங்கி, எந்த நேரத்தில் வீட்டில் ஆள் இருக்கும் என்று நீங்களே சொல்லிவைப்பது நல்லது. வேலையிடத்துக்கே வந்து பரிசோதிக்கும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ என்ற நீட்சியும் உண்டு. கம்பெனிக்கு அது வருகிறதா என்று விசாரியுங்கள். நகரங்களில் உள்ள நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலை 4 முதல் 8 மணி வரையும் இயங்குகின்றன. ஒரு ஷிப்டோடு வீடு திரும்பும் நாளில் அங்கே போய்விட்டு வரலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. கூட வரும் ஆணுக்குத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும் என்பதால், துணைக்கு மகளை அனுப்பும் வீடுகளும் இருக்கின்றன.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் நடக்கிறது என்றால், நோய்வாய்ப்பட்டு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வரை, ஆண்டுக்கு 91 நாட்களுக்குப் பணப்பயன் உண்டு. அதற்குரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாட்கள் பங்குத்தொகை செலுத்தப்பட்டிருக்க வேண்டும். முதல் இரண்டு நாட்கள் பொதுவாகக் கணக்கில் சேராது. ஆகவே மாத்திரை வாங்கப் போன ஒரு நாளின் இழப்பை இது ஈடுகட்டாது, அறுவை சிகிச்சைக்கோ நீண்ட ஓய்வுக்கோதான் உதவும். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதப் பிடித்தம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அத்தை கான்ட்ராக்டர் மூலம் வேலைக்குப் போவதால், பல ஆண்டுகள் உழைத்தும் பிடித்தமே இல்லை என்பது சீட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை வந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் இதில் சேரலாம். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். நோய் முற்றிய பிறகு இந்தக் காகிதங்களைத் தேடி அலைவது கொடுமை. அனைவரும் நலமாக இருக்கும் ஒரு வாரத்திலேயே முடித்துவிடுங்கள். மணமான மகளின் பெயர் எந்தக் குடும்ப அட்டையில் இருக்கிறது என்பதையும் அப்போதே சரிபாருங்கள். வெளியில் மருந்து வாங்க நேர்ந்தால், மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் அதே மருந்து மூலப்பெயரில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

அதட்டலும் உறக்கமின்மையும்

‘போன மாசம் ஏன் வரல?’ என்று வரிசையில் எல்லோர் முன்னும் அதட்டப்பட்டவர் அடுத்த மாதமும் போக மாட்டார். இது சிறு விஷயம் போலத் தோன்றும். ஆனால் தூரத்தையும் செலவையும் தாண்டி வந்தவரைக்கூட இது திருப்பி அனுப்பிவிடும் என்பது என் அனுபவம். விட்டுப்போன பிறகு முதல் தடவை போகும்போது நீங்களும் கூடப் போங்கள். ‘இடையில் நின்றுவிட்டது, மறுபடி தொடங்க வந்திருக்கிறோம்’ என்ற முதல் வாக்கியத்தை நீங்களே சொல்லிவிடுங்கள். மரியாதைக் குறைவு தொடர்ந்தால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

உறக்கமின்மை, காரணமற்ற அழுகை, சாப்பாட்டில் வெறுப்பு, ‘எதுக்கு இந்த மாத்திரை, இருந்து என்ன ஆகப் போகுது’ என்ற பேச்சு ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதைச் சலிப்பு என்று ஒதுக்காமல் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவரும் இருக்கிறார். சாகும் எண்ணம் பேச்சில் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே அழைக்க வேண்டும், அவரைத் தனியே விடவும் கூடாது. நெஞ்சுவலி, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், வாய் கோணுதல் ஆகியவற்றுக்கு இந்தக் காலண்டர் வேலை எதுவும் பொருந்தாது. உடனே 108.

அத்தையின் காலண்டரில் இப்போது மாத்திரை தீரும் நாளுக்கு ஒரு வாரம் முன்னால் சிவப்பு மையில் ஒரு வட்டம் இருக்கிறது. ஷிப்மெண்ட் வாரம் குறுக்கே வந்தால், வட்டத்தை அதற்கு முந்தைய வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார். பகல் நேரத்தில் வீடு பூட்டிக் கிடப்பதால், தன்னார்வலரிடமிருந்து மாத்திரையை வாங்கி வைப்பது பக்கத்து வீட்டு அக்கா.