லிட்டர் பெட்டிக்கு வெளியே அசுத்தம் செய்யும் பூனை: எங்கிருந்து தொடங்குவது?

வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை, இத்தனை நாள் ஒழுங்காகப் பயன்படுத்திய லிட்டர் பெட்டியை (மணல் நிரப்பிய கழிப்புப் பெட்டியை) விட்டுவிட்டுத் திடீரென மெத்தையிலோ துணிக் குவியலிலோ சிறுநீர் கழிக்கத் தொடங்கினால், அது நம்மைப் பழிவாங்குகிறது என்றே பலரும் எண்ணிவிடுகின்றனர். பூனைக்கு அப்படியொரு கணக்குக் கிடையாது. உடலில் நோவு, பெட்டியில் குறை, வீட்டில் அச்சம் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அவற்றை இதே வரிசையில் ஆராய்வது நல்லது. ஏனெனில், நோயுள்ள பூனைக்குப் புதுப் பெட்டி வாங்கித் தருவதால் எந்தப் பயனும் இல்லை.

முதல் படி: மருத்துவப் பரிசோதனை

ஆண் பூனை திரும்பத் திரும்பப் பெட்டிக்குள் சென்று முக்கியும் சிறுநீர் வராமல் கத்தினால், அதன் சிறுநீர்ப் பாதை அடைபட்டிருக்கக்கூடும். இது ஓரிரு நாள்களில் உயிரைப் பறிக்கக்கூடிய நிலை என்பதால், நள்ளிரவானாலும் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். இதை மலச்சிக்கல் என்று தவறாக எண்ணிக் காத்திருப்பவர்கள் உண்டு.

அவசரமற்ற காரணங்களும் பல. சிறுநீர்ப்பை அழற்சி வந்த பூனை, தான் பட்ட வலியைப் பெட்டியோடு சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்வதால், குணமான பிறகும் அதைத் தவிர்க்கலாம். சிறுநீரகக் கோளாறும் நீரிழிவும் சிறுநீரின் அளவைக் கூட்டிவிடும். மூட்டுவலி உள்ள முதிய பூனைக்கு உயரமான விளிம்பைத் தாண்டுவதே பெரும்பாடு.

இரண்டாம் படி: கழிப்பதா, எல்லை குறிப்பதா?

பூனை குந்தி அமர்ந்து, தரையில் நிறையச் சிறுநீர் விட்டிருந்தால் அது கழிப்பது. நின்றபடி வாலை உயர்த்தி நடுக்கிக்கொண்டு, சுவரிலோ திரைச்சீலையிலோ சிறிதளவு பீய்ச்சியிருந்தால் அது எல்லை குறிப்பது. இரண்டாவது வகைக்குப் பெட்டியை மாற்றுவதால் மட்டும் தீர்வு கிடைக்காது. கருத்தடை செய்யப்படாத ஆண் பூனையெனில் அறுவை சிகிச்சையே முதல் வழி, ஏறத்தாழ 10-இல் 9 ஆண் பூனைகளிடம் இப்பழக்கம் அதனால் குறைந்துவிடுகிறது. சன்னலுக்கு வெளியே வேற்றுப் பூனை நடமாடுவதும் இதைத் தூண்டும் என்பதால், அந்தச் சன்னலின் கீழ்ப்பகுதியை மறைத்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: பெட்டியைப் பூனையின் கண்ணால் பாருங்கள்

பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு பெட்டி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். ஆனால் இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்துவிட்டால், பூனையைப் பொறுத்தவரை அவை ஒன்றுதான். துடுக்கான பூனை ஒன்று வழியில் படுத்துக்கொண்டாலே போதும், மற்றொன்றுக்கு இரண்டும் எட்டாமல் போய்விடும். ஆகவே வெவ்வேறு அறைகளில், சலவை இயந்திரத்தின் இரைச்சலும் உணவுக் கிண்ணமும் அருகில் இல்லாத இடங்களில் வையுங்கள்.

பெட்டியின் நீளம், மூக்கிலிருந்து வாலின் அடிவரை பூனை இருக்கும் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். விற்பனைக்கு வரும் பெட்டிகளில் பல இதைவிடச் சிறியவை. துணிமணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டி, வெட்டிய விளிம்பைத் தேய்த்து மழுங்கச் செய்தால் அதுவே சிறந்த மாற்று. மூடியும் நறுமணமூட்டிய மணலும் நம் மூக்குக்காகச் செய்யப்பட்டவை, பூனைக்காக அல்ல என்பது என் எண்ணம். மணமற்ற, மென்மையான, ஈரம் பட்டால் கட்டியாகும் மணலை 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்பி, கட்டிகளை நாள்தோறும் இருமுறை அள்ளிவிடுங்கள். எந்த மணல் பிடிக்கும் என்ற ஐயம் இருந்தால், ஒரே மாதிரியான இரண்டு பெட்டிகளில் இருவகை மணலை நிரப்பித் தற்காலிகமாக அருகருகே வைத்துப் பாருங்கள். விடையைப் பூனையே சொல்லிவிடும்.

நான்காம் படி: பழைய வாடையை நீக்குதல்

சிறுநீரில் உள்ள யூரிக் அமிலப் படிகங்கள் நீரில் எளிதில் கரைவதில்லை. அதனால்தான் சோப்பு போட்டுக் கழுவிய இடமும் காற்றில் ஈரம் கூடும்போது மீண்டும் நாறுகிறது. நொதிகள் அடங்கிய துப்புரவுத் திரவத்தைக் கறையின் ஆழம் வரை ஊறவிட்டு, தானாக உலரவிடுங்கள். சிறுநீரின் வாடையில் அம்மோனியாவும் இருப்பதால், அம்மோனியா கலந்த துப்புரவுப் பொருள் பூனையை அதே இடத்துக்கு அழைத்துவிடும். பிளீச்சிங் திரவம் சிறுநீரோடு கலந்தால் நச்சுவாயு உண்டாகக்கூடும். ஃபீனால் வகைக் கிருமிநாசினிகளோ பூனைக்கே நஞ்சு. கறை எங்கே என்று தெரியாவிட்டால், விளக்குகளை அணைத்துவிட்டுப் புறஊதாக் கைவிளக்கை அடித்துப் பாருங்கள்.

ஐந்தாம் படி: மீண்டும் பழக்குதல்

அடிப்பதும், மூக்கைக் கறையில் தேய்ப்பதும் பூனைக்கு உங்கள்மீது அச்சத்தை உண்டாக்குமே தவிர, பெட்டியின்மீது விருப்பத்தை உண்டாக்காது. அச்சம் கூடினால் சிறுநீர்ப்பை அழற்சியும் திரும்பலாம். அதற்குப் பதிலாக, அது பழகிவிட்ட மூலையிலேயே ஒரு பெட்டியை வையுங்கள். சில வாரங்கள் தவறாமல் பயன்படுத்திய பிறகு, அதை நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர் மட்டும் நகர்த்தி, நீங்கள் விரும்பும் இடத்துக்குக் கொண்டுசெல்லலாம். வழியில் மறுபடியும் தரை நனைந்தால், கடைசியாகச் சரியாக இருந்த இடத்துக்கே பெட்டியைத் திருப்பி வைத்து, இன்னும் மெதுவாக நகர்த்துங்கள்.