எல்லாத்துக்கும் 'நைன்டி' ஊத்தாதீங்க: பழைய ஃபோர் வீல் டிரைவில் கியர் ஆயில் தவறுகள்

பழைய ஜிப்சியோ மகிந்திரா ஜீப்போ வாங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே இன்ஜின் ஆயிலை மாற்றிவிடுவார்கள். ஃபில்டர், கூலன்ட், பேட்டரி எல்லாம் பார்ப்பார்கள். கியர்பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ் (இன்ஜின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி), முன் கிரவுன், பின் கிரவுன் (ஆக்சில் நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியல்) இந்த நான்கு மட்டும் வந்த நிலையிலேயே கிடக்கும். யாராவது ஞாபகப்படுத்தினால் மெக்கானிக்கிடம் போய், "அண்ணே, எல்லாத்துக்கும் நைன்டி ஊத்திருங்க" என்பார்கள். அவரும் ஒரே டப்பாவிலிருந்து நான்குக்கும் ஊற்றிவிடுவார்.

தகராறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. 90 என்பது ஆயில் எவ்வளவு கெட்டி என்பதை மட்டும் சொல்கிற எண். அதை விட முக்கியம், பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கிற ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5 என்கிற தரக் குறி. அதைப் படிக்காமல் வாங்குவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுவே.

கிரவுனுக்குள் இருப்பது ஹைபாயிட் கியர். சின்னப் பல்சக்கரமான பினியன், பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் நடு மட்டத்துக்கு நேராக நிற்காமல் கீழே தள்ளி நிற்கும். அதனால் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று உருள்வதோடு வழுக்கியபடி அழுத்தவும் செய்யும். அந்த அழுத்தத்தில் சாதாரண ஆயில் படலம் கிழிந்துபோகும். அதைத் தாங்கத்தான் ஜிஎல்-5 ஆயிலில் கந்தகம், பாஸ்பரஸ் கலந்த மருந்தை அதிகமாகச் சேர்க்கிறார்கள். டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நாற்றம் அந்தக் கந்தகத்துடையது.

கியர்பாக்ஸில் நிலைமை வேறு. அங்கே பித்தளை சின்க்ரோ ரிங்குகள் இருக்கின்றன. கியர் மாற்றும்போது அந்த ரிங், கியரில் இருக்கிற கோனை (கூம்பை) பிடித்து உராய்ந்து இரண்டின் வேகத்தையும் சமமாக்க வேண்டும். ஜிஎல்-5 மருந்து அளவு ஜிஎல்-4-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த வழுக்கலில் ரிங் பிடிக்காது. இரண்டாவது கியர் 'கர்ர்' என்று கத்தும். போதாததற்கு, சூடேறினால் கந்தகம் பித்தளையை அரிக்கவும் கூடும். இறக்கிய ஆயிலை வெயிலில் ஒரு தட்டில் ஊற்றிப் பாருங்கள். தங்கப் பொடி தூவியது போல மினுங்கினால் அது சின்க்ரோ ரிங் தேய்ந்து வந்த தூள். ஆகவே, கையேடு வேறு மாதிரி சொல்லாதவரை, பித்தளை சின்க்ரோ உள்ள பழைய கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4, கிரவுனுக்கு ஜிஎல்-5.

"ஜிஎல்-4/ஜிஎல்-5 இரண்டுக்கும் ஆகும்" என்று எழுதிய டப்பாவையும் நம்ப வேண்டாம். பெரும்பாலும் உள்ளே இருப்பது ஜிஎல்-5 அளவு மருந்துதான். டப்பாவில் எம்டி-1 என்ற குறியைப் பார்த்தால் அது சின்க்ரோ இல்லாத லாரி, பஸ் கியர்பாக்ஸ்களுக்கானது.

இன்னொரு குழப்பமும் உண்டு. கியர் ஆயில் எண்ணும் இன்ஜின் ஆயில் எண்ணும் ஒரே அளவுகோல் இல்லை. 75டபிள்யூ-90 கியர் ஆயில், சூட்டில் 15டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் அளவுக்குத்தான் கெட்டி. இது தெரியாமல், கையேட்டில் கியர்பாக்ஸுக்கு மெல்லிய ஆயில் போட்டிருந்தால் "அச்சுப் பிழையா இருக்கும்" என்று தள்ளிவிட்டு 90 ஊற்றுகிறவர்கள் உண்டு. லேண்ட் ரோவர் டிஃபண்டரின் எல்டி77 கியர்பாக்ஸுக்குச் சிவப்பு நிற ஏடிஎஃப்தான் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான மெல்லிய ஆயில்). செயின் ஓடும் டிரான்ஸ்பர் கேஸ்கள் பலவற்றுக்கும் அதே. கெட்டி ஆயில் ஊற்றினால் உள்ளே இருக்கிற சிறிய ஆயில் பம்ப் திணறும்.

கிரவுனில் ஊளைச் சத்தம் வந்தால் இன்னும் கெட்டியான 85டபிள்யூ-140 ஊற்றி அமுக்குவது நம் ஊரில் பழைய பழக்கம். சத்தம் கொஞ்சம் குறையும், வாஸ்தவம். பினியன் பேரிங் தேய்ந்திருந்தால் அது தேய்ந்துகொண்டேதான் இருக்கும். உங்களுக்குக் கேட்காது, அவ்வளவுதான். அதையே கியர்பாக்ஸில் ஊற்றினால் டிசம்பர் மாதத்து கொடைக்கானல் காலையில் கியர் விழாது. கெட்டி ஆயிலால் சத்தத்தை அமுக்குவது வண்டி விற்கிறவர் செய்கிற வேலை. வாங்கியவர் செய்ய வேண்டியதில்லை.

சரி, ஆயில் வாங்கியாச்சு. கீழே படுத்து டிரெயின் பிளக்கைக் கழற்றுவதற்கு முன்னால், பக்கவாட்டில் இருக்கிற, ஆயில் ஊற்றுகிற ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். இருபது வருஷம் துரு ஏறி, சதுரக் குழி மொண்ணையான பிளக் அசையாது. பழைய ஆயிலை இறக்கிவிட்டு அப்புறம் இதைக் கண்டுபிடித்தால், வண்டி வீட்டு வாசலில் காலி கிரவுனோடு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் இன்னும் விசேஷம்.

அளவு பார்ப்பதில் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. ஃபில்லர் துளையில் விரலை விட்டு, வளைத்து, நுனியில் ஆயில் பட்டால் "இருக்கு" என்று பிளக்கைப் போட்டுவிடுவது. அது அரை லிட்டர் வரைகூடக் குறைவாக இருக்கலாம். சமதரையில் வண்டி நிற்கும்போது துளையின் கீழ் விளிம்பைத் தொட்டபடி ஆயில் நிற்க வேண்டும். டொயோட்டா கையேடுகள் விளிம்புக்குக் கீழே 5 மி.மீ. வரை விட்டுக்கொடுக்கும், அதற்கு மேல் இல்லை. முன்பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி வைத்து ஊற்றினால் கணக்கே தவறிவிடும். முன் கிரவுன் சின்னது, பின் கிரவுன் பெரியது என்று கண்ணால் அளப்பதும் வேண்டாம்: ஜிப்சியின் உறவுக்கார வண்டியான சுசுகி சாமுராயில் முன்பக்கம் 2 லிட்டர், பின்பக்கம் 1.5 லிட்டர்.

ஒன்று நிறைய பேரை ஏமாற்றும். டிரான்ஸ்பர் கேஸின் ஃபில்லர் பிளக்கைத் திறந்ததும் ஆயில் குபுகுபுவென்று வெளியே கொட்டும். "போன தடவை அதிகமா ஊத்திட்டாங்க" என்று வடியவிட்டு மூடிவிடுவார்கள். அப்படிக் கொட்டினால் உடனே கியர்பாக்ஸ் பிளக்கையும் திறந்து பாருங்கள். லேண்ட் குரூஸர் போன்ற வண்டிகளில் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சீல் போனால் கியர்பாக்ஸ் ஆயில் மெல்ல டிரான்ஸ்பர் கேஸுக்குப் போய்விடும். வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது. கியர்பாக்ஸ் மட்டும் காய்ந்துகொண்டிருக்கும். அமெரிக்க வில்லீஸ் ஜீப்பின் வழி வந்த பழைய ஜீப்களில் இந்த இரண்டு பெட்டிகளுக்கும் இடையே ஆயில் போக வழியே விட்டிருப்பார்கள். அங்கே இரண்டையும் சேர்த்துத்தான் இறக்க வேண்டும், இரண்டுக்கும் ஒரே ஆயில்தான். பித்தளை இருப்பதால் அது ஜிஎல்-4.

டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவுவதை விட்டுவிடுங்கள். ஆக்சில் குழாய்களுக்குள் போன டீசல் முழுதாக வடியாது. புது ஆயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். உள்ளே ரொம்ப அழுக்கு என்றால் அதே தரத்தில் விலை குறைந்த ஆயிலை ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, சூடாக இருக்கும்போதே இறக்கிவிட்டு நல்ல ஆயிலை ஊற்றுவது உத்தமம்.

ஆயில் பழுப்பும் வெள்ளையுமாகக் கலங்கி வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆயிலை மட்டும் மாற்றினால் அடுத்த ஓடையிலேயே மறுபடியும் புகும். காரணம் பெரும்பாலும் பிரீதர், அதாவது உள்ளே காற்று போய்வர விட்டிருக்கிற வழி. ஆக்சில் மேல் இருக்கிற அந்தச் சின்னக் குமிழ் சேறு படிந்து அடைத்துக்கொள்ளும். ஓடிச் சூடான ஆக்சில் சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் வழியாக இழுக்க முடியாமல் சீல் ஓரமாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மற்ற நேரத்தில் அதே அடைப்பால் உள்ளே அழுத்தம் ஏறி சீல் ஒழுகும். புது சீல் போட்டும் ஒழுகுது என்று புலம்புகிறவர்கள் முதலில் பிரீதரைக் கழற்றி ஊதிப் பார்க்கலாம்.

ஜிப்சியின் முன் சக்கரத்துக்குப் பின்னால் உருண்டையாக ஒரு பந்து தெரியும். அதற்குள் கிரீஸ்தான் இருக்க வேண்டும். பந்தின் மேல் கறுப்பாக, கிரீஸுமில்லாமல் ஆயிலுமில்லாமல் கஞ்சி மாதிரி வழிந்தால், உள் ஆக்சில் சீல் போய் கிரவுன் ஆயில் அங்கே வந்து கிரீஸைக் கரைக்கிறது. துடைத்துவிட்டு கிரவுனில் ஆயில் டாப்-அப் செய்துகொண்டே ஓட்டுகிறவர்கள் உண்டு. கடைசியில் பந்துக்குள் இருக்கிற ஆக்சில் ஜாயின்ட்டும், சக்கரம் திரும்ப உதவுகிற கிங்பின் பேரிங்கும் சேர்ந்து செலவு வைக்கும்.

டிரெயின் பிளக் காந்தத்தில் மாவு மாதிரி சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், சாதாரணத் தேய்மானம். நகத்தில் நெருடுகிற சில்லு இருந்தால் ஆயிலை ஊற்றாமல் கிரவுனைத் திறக்க வேண்டியதுதான். பிளக்கைத் திரும்பப் போடும்போது காப்பர் வாசர் இருந்தால் புதுசு போடுங்கள். வாசர் இல்லாத, கூம்பு மரை வெட்டிய பிளக்கைக் குழாய் விட்டு நெம்பி முறுக்கினால் ஹவுசிங் விரியும்.

ஊற்றி முடித்ததும் வேலை முடியவில்லை. புது ஆயில் ஆக்சில் குழாய்களுக்குள் மெல்லத்தான் பரவும். விளிம்பு வரை நின்றது, ஒரு நாள் ஓடியதும் இறங்கியிருக்கும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஆறவிட்டு, பிளக்கைத் திறந்து குறைந்ததை ஊற்றிவிடுங்கள். வாங்கின டப்பாவில் மிச்சமிருக்கிற கால் லிட்டர் அதற்குத்தான்.