இதயத் தசைப் பாலத்துக்கு ஸ்டென்ட்: சம்மதிக்கும் முன் கேட்க வேண்டியவை

என் வீட்டுக்காரருக்கு ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை. மேடு ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது என்றார். சேலத்தில் ஆஞ்சியோ எடுத்தோம். அடைப்பு இல்லை, 'மயோகார்டியல் பிரிட்ஜ்', அதாவது இதயத் தசைப் பாலம் என்று ரிப்போர்ட் வந்தது. அதே ரிப்போர்ட்டோடு நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஆஞ்சியோ சிடியை வாங்கி, டாக்டரிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இதயத்தின் மேலே ஓட வேண்டிய ரத்தக்குழாய், பெரும்பாலும் எல்ஏடி என்ற முன்பக்கப் பெரிய குழாய், கொஞ்ச தூரம் தசைக்குள் புதைந்து போகிறது. அதை மேலே மூடும் தசைதான் 'பாலம்'. இதயம் சுருங்கும்போது அந்த இடம் நூலாக மெலியும், விரியும்போது பழையபடி ஆகும். கொழுப்பு அடைப்பு இப்படி மாறாது. பாலம் பிறவியிலேயே வருவது. நிறையப் பேருக்குத் தொந்தரவே தராது. அதனால் "வலி இதனால்தான் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டே ஆக வேண்டும். பாலத்துக்குச் சற்று முன்னால் கொழுப்பு படிவதுண்டு, அதையும் கேளுங்கள்.

அடுத்து மாத்திரை. இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அது விரியும் நேரத்தில்தான் கிடைக்கிறது. துடிப்பு வேகமானால் அந்த நேரம் குறையும். அதனால்தான் முதலில் மெட்டோபிரோலால் மாதிரி, துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் தருகிறார்கள்; ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஒத்துவராவிட்டால் டில்டியாசெம் அல்லது வெராபமில். நெஞ்சு வலி என்றதும் "சார்பிட்ரேட்டை நாக்குக்கடியில் வை" என்பார்கள் நம் ஊரில். பாலம் இருப்பவர்களுக்கு அது நெரிசலைக் கூட்டலாம். உங்களுக்கு அது வேண்டுமா வேண்டாமா என்று சீட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

மாத்திரையைச் சரியான அளவுக்குக் கூட்டியும் வலி நிற்கவில்லை என்றால்தான் ஸ்டென்ட், அதாவது குழாயை விரித்துப் பிடிக்கும் கம்பி வலை பற்றிய பேச்சு. அப்போதும் அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் தசை அந்தக் கம்பி வலையை நெரிக்கும். வலை உடையலாம், உள்ளே மறுபடி சதை வளர்ந்து அடைக்கலாம், வைக்கும்போதே குழாய் கிழியலாம். வைத்தபின் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகள் மாதக்கணக்கில் தொடரும். நடுவில் நிறுத்தவே கூடாது. மேலே மூடிய தசையைக் கீறி விடும் ஆபரேஷனும் பைபாஸும் இருக்கின்றன. பாலம் எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம் என்பதை வைத்து எது பொருந்தும் என்று இன்னொரு இதய மருத்துவரிடமும் கேளுங்கள். நாங்கள் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் கேட்டோம். மாத்திரையே போதும் என்றார்கள், இதுவரை போதுமாக இருக்கிறது.

வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்ய விடாதீர்கள். வலி வந்தால் உட்கார வையுங்கள். கொஞ்ச நேரத்தில் தணியாவிட்டால் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு 108-க்குக் கூப்பிடுங்கள். மலைமேல் இருப்பவர்களுக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, பொறுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.