மார்கழிப் பனியும் வெண்பனியும்: வீட்டிலேயே ரசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் விடுமுறை வந்துவிட்டால் எங்கள் காரைக்குடிப் பக்கம் பல வீடுகளில் ஒரே வேலைதான். தெர்மாக்கோல் அட்டையை வாங்கிவந்து, உதிர்த்து, முகப்பு முழுக்க வெள்ளையாகக் கொட்டி, பிள்ளைகளை நடுவில் நிறுத்திப் படம் எடுப்பார்கள். இங்கேதான் பனியே கிடையாதே, செய்து காட்டினால்தானே உண்டு என்பது அவர்கள் எண்ணம். எனக்கு மனத்தாங்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஆண்டின் ஆறு பெரும்பொழுதுகளில் இரண்டுக்குப் பனியின் பெயரையே வைத்தவர்கள் நாம். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று பழமொழி வேறு இருக்கிறது. அந்த மச்சுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு பனி இல்லை என்று சொல்லலாமா?

வெளிநாட்டில் வானத்திலிருந்து உதிர்வது வெண்பனி. மேகத்துக்குள்ளேயே படிகமாக உறைந்து இறங்குவது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் புல்வெளி வெளுத்துக் கிடக்குமே, அது உறைபனி. வானத்திலிருந்து விழுவதில்லை, புல்லின் மேற்பரப்பு பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்ததும் அங்கேயே உறைவது. நம் ஊரில் கிடைப்பது பனித்துளியும் மூடுபனியும். 'பனி பெய்கிறது' என்கிறோம், ஆனால் துளி வானத்திலிருந்து இறங்குவதில்லை. இரவில் இலையும் கூரை ஓடும் கம்பியும் தங்கள் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். அப்போது காற்றிலுள்ள ஈரம் அவற்றின் மேல் துளியாகப் படியும். அதனால் மேகம் இல்லாத, காற்று அசையாத இரவுதான் நல்ல பனி இரவு. இரவு படுக்கப் போகும்போது மாடியில் நின்று பாருங்கள்: நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்து, காற்றும் அடங்கியிருந்தால் அலாரம் வைத்துக்கொள்ளலாம். மழை மேகம் கவிந்த இரவுக்கு அடுத்த நாள் சீக்கிரம் எழுந்து ஏமாறுவதுதான் பலர் செய்யும் தவறு.

தெர்மாக்கோலை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அந்த மணிகள் காற்றில் பறந்து வளவு (வீட்டின் உள்முற்றப் பகுதி), வடிகால், ஊருணி என்று எங்கும் போய்ச் சேரும், மட்கவும் செய்யாது. பஞ்சு பரவாயில்லை, இலவம்பஞ்சு பார்வைக்கும் வெண்பனியைப் போலவே இருக்கும். ஆனால் விளக்குக்கு அருகில் கூடவே கூடாது. கார்த்திகையில் ஏற்றத் தொடங்கிய அகலைப் பல வீடுகளில் மார்கழி முழுக்க வாசலில் வைக்கிறோம். பஞ்சு ஒரு பொறி பட்டாலே குப்பென்று பிடித்துக்கொள்ளும். டப்பாவில் வரும் ஸ்நோ ஸ்ப்ரேயும் அப்படித்தான். பல டப்பாக்களில் எரியும் வாயு இருக்கிறது. விளக்கு எரியும் இடத்தில் அதை அடிக்க வேண்டாம்.

சரி, பிள்ளைகள் வெண்பனிதான் வேண்டும் என்று கேட்டால்? காகிதம் போதும். ஆனால் ஆறு முனை வர வேண்டும். காகிதத்தை நான்காக மடித்து, மறுபடி ஒரு மடிப்பு மடித்து வெட்டினால் எட்டு முனை வரும். கடைத் தோரணங்களிலும் எட்டு முனைப் பனிப்பூவைப் பார்க்கிறேன். அழகாக இருக்கலாம், ஆனால் அப்படி ஒரு வெண்பனி வானத்திலிருந்து விழுவதில்லை. நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாகக் கோத்துக்கொள்கின்றன. அந்த ஆறுதான் வளர்ந்து கண்ணுக்குத் தெரியும் ஆறு கைகளாகிறது.

மடிப்பது கடினமில்லை. சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குங்கள். நீளப் பக்கத்தின் நடுப்புள்ளியை அடையாளம் வைத்து, அங்கிருந்து இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மூன்று சம பங்காக வருமாறு மடியுங்கள். அப்புறம் அதைப் பாதியாக மடியுங்கள். இப்போது 12 அடுக்கு கையில் இருக்கும். மேலே துருத்தும் நுனிகளை வெட்டிவிட்டு, ஓரங்களில் உங்கள் விருப்பம்போல் வெட்டலாம். கெட்டி அட்டையில் இதைச் செய்யப் பார்த்தால் 12 அடுக்கைக் கத்தரி கடிக்காது. மெல்லிய காகிதம் எடுங்கள்.

போன மார்கழியில் அக்கா மகள் பாஸ்டனிலிருந்து வந்திருந்தாள். அவள் மகனுக்கு ஒன்பது வயது. அவனுக்கு இந்த மடிப்பைச் சொல்லிக்கொடுத்தும் மூன்று பங்கு சமமாக வராமல் காகிதத்தைக் கசக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். வாசலில் என் ஆத்தா கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஊடுபுள்ளி, 7 முதல் 4 வரை. நடுவில் ஏழு, இரண்டு பக்கமும் ஆறு, ஐந்து, நான்கு என்று இடைவெளியில் புள்ளி வைத்துக்கொண்டே போனால் மொத்தம் 37 புள்ளி, சுற்றிலும் ஆறு மூலை. பையன் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆயா, இது ஸ்னோஃப்ளேக்!" என்று கத்தினான். ஆத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குத்தான் உடம்பு சிலிர்த்தது. வெண்பனியைக் கண்ணால் பார்க்காத ஊரில், அதன் கணக்கு தலைமுறை தலைமுறையாக வாசலில் விழுந்துகொண்டிருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பனிப்பூ கோலமாவில்தான். இதிலும் தவறு வரும். வரிசைக்கு வரிசை உள்ள இடைவெளியைப் புள்ளிக்குப் புள்ளி உள்ள இடைவெளி அளவுக்கே வைத்தால் அறுகோணம் மேலும் கீழும் நீண்டுவிடும். வரிசை கொஞ்சம் நெருங்க வேண்டும்: புள்ளிகள் நான்கு விரற்கடைத் தூரம் என்றால் வரிசைகள் மூன்றரை விரற்கடை. இன்னொன்று, சாணம் தெளித்த ஈரம் சொட்டச் சொட்ட இருக்கும்போதே கோடு இழுப்பது. மார்கழியில் தரை சீக்கிரம் காயாது. மாவு ஈரத்தை உறிஞ்சி, கோடு பெருத்து, நெளிவெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். தரை ஈரம் தணிந்து, மாவு அப்படியே தங்கும் பதத்தில் போடுங்கள்.

இனிப் படம் எடுப்பது. வெண்பனியைப் படமெடுத்தவர்களில் என் மனதில் நிற்பவர் வில்சன் பென்ட்லி. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற சிற்றூரின் விவசாயி. 1885 ஜனவரி 15 அன்று நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து ஒரே ஒரு பனிப்படிகத்தைப் படமெடுத்தார். வாழ்நாளில் 5000-க்கும் மேல் எடுத்தார். தன் வீட்டை ஒட்டிய இடத்திலேயே, கறுப்புப் பரப்பில் பனியை ஏந்தி, மூச்சுக்காற்று பட்டு உருகிவிடாதபடி பார்த்துக்கொண்டு எடுத்தவர். அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கறுப்புப் பரப்பு. வெட்டிய காகிதப் பனிப்பூவை நம் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரில் ஒட்டிப் படமெடுத்தால் வெள்ளையில் வெள்ளை கரைந்துபோகும். சுவரிலிருந்து பசையைப் பிய்க்கும்போது பூச்சும் பெயரும். கருத்துப்போன பர்மாத் தேக்குக் கதவுக்கு முன்னால் நூலில் தொங்கவிடுங்கள். முற்றத்து வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். வெட்டின ஓரமெல்லாம் தனித்தனியாகத் தெரியும்.

காலையில் செய்யும் பெரிய தவறு, ஏசி அறையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு நேராக மாடிக்கு ஓடுவது. குளிர்ந்த கண்ணாடியில் வெளி ஈரம் படிந்து லென்ஸ் மங்கிவிடும். நானும் இப்படி ஒரு காலையை இழந்திருக்கிறேன். ஊருணிக்கு மேல் மூடுபனி வெள்ளைப் படுதாபோல் நின்றது, அத்தனை படமும் கலங்கல். துடைத்தாலும் மறுபடி படியும். போனை இரவே தாழ்வாரத்தில் வைத்துவிடுங்கள், அல்லது வெளியே கொண்டுவந்து கால்மணி நேரம் பொறுங்கள். பாஸ்டனில் இதே கதை தலைகீழ். அங்கே வெளிக்குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் வரும்போது படியும். அதனால் வெளியே இருக்கும்போதே கேமராவைக் காற்றுப் புகாத பையில் போட்டு மூடிக்கொண்டு உள்ளே வருவார்கள்.

அடுத்தது வெளிச்ச அளவு. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் படம் தேறிவிடும். கேமராவுக்கு எது வெள்ளை, எது கறுப்பு என்று தெரியாது. எதிரில் உள்ளது எல்லாம் சேர்ந்து நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணியே அளக்கும். மூடுபனியோ வெண்பனியோ திரை முழுக்க வெள்ளையாக இருந்தால், 'வெளிச்சம் அதிகம்' என்று குறைத்துவிடும்; பனி அழுக்குச் சாம்பலாக விழும். அப்போது திரையில் விரலை வைத்து, வரும் சூரியக் குறியை மேலே தள்ளுங்கள். கேமராவில் என்றால் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாகும்) கூட்டுவது வழக்கம். கோலத்துக்கு இது நேர் எதிர். கருத்த தரையில் மெல்லிய வெள்ளைக் கோடு. கேமரா தரையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கோடு வெளுத்துத் தடித்துத் தெரியும். இங்கே குறியைக் கீழே இறக்குங்கள். 'பனிப் படத்துக்குக் கூட்டணும்' என்று எங்கோ கேட்டதை வைத்துக் கோலத்துக்கும் கூட்டுகிறவர்கள் உண்டு.

கோலத்தை நின்ற இடத்திலிருந்து சாய்வாக எடுத்தால் அறுகோணம் நசுங்கிவிடும், உங்கள் நிழலும் விழும். மேல்மாடியிலிருந்து நேர் கீழே பார்த்து எடுங்கள். மார்கழிக் கடைசியில் இங்கே சூரியன் எழுவது ஆறரை மணியை ஒட்டி. அந்தச் சாய்ந்த வெயிலில் மாவுக் கோடுக்குச் சிறு நிழல் விழும், கோலம் தரையிலிருந்து எழுந்து நிற்பதுபோல் இருக்கும். எட்டரைக்கு மேல் அது போய்விடும். வீட்டுக்குள் போடும் நடுவீட்டுக் கோலம் வேறு மாதிரி. அது அரிசியை அரைத்துக் கரைத்த மாவு. ஈரமாக இருக்கும்போது மங்கலாகத்தான் தெரியும்; போட்ட கையோடு எடுத்துவிட்டு, சரியாக வரவில்லை என்று வருந்த வேண்டாம். காயக் காயத்தான் வெண்மை பூக்கும். பொறுத்து எடுங்கள்.

மூடுபனியில் ஃபிளாஷ் போடுவது வீண். முன்னால் மிதக்கும் துளிகளில் பட்டு வெளிச்சம் திரும்பி வரும், படம் முழுக்க வெள்ளைப் பொட்டு. பனியை மட்டும் எடுத்தாலும் வெறும் வெள்ளைச் சுவர்தான் கிடைக்கும். பக்கத்தில் கருப்பாக ஏதாவது வேண்டும்: ஒரு பனைமரம், மாடிக் கைப்பிடிச் சுவரின் ஓரம், முகப்புத் தூண். பக்கத்தில் உள்ளது அடர்ந்தும் தூரத்தில் உள்ளது மங்கியும் தெரியும்போதுதான் பனி கண்ணுக்குப் பிடிபடுகிறது.

துளிக்கு வருவோம். புல் நுனியில் மட்டும் ஒவ்வொரு முத்தாக நின்றால் அது பெரும்பாலும் பனி அல்ல, செடி தன் வேர்வழி உறிஞ்சிய நீரை நுனிவழி வெளியே தள்ளியது. இலைப்பரப்பு முழுக்கப் பொடிப்பொடியாகப் படிந்திருப்பதுதான் பனி. இரண்டுமே படத்துக்கு அழகு, பிள்ளைகளுக்கு வித்தியாசத்தைக் காட்டுங்கள். துளிக்குப் பின்னால் ஒரு பூசணிப்பூவை வைத்துப் பார்த்தால், துளிக்குள் அந்தப் பூ தலைகீழாகச் சிறிதாகத் தெரியும். ஃபோகஸ் அந்தச் சின்னப் பூவின் மேல் இருக்க வேண்டும். போனைத் துளியோடு ஒட்டவைத்தால் ஃபோகஸ் பிடிக்காது. ஒரு சாண் பின்வாங்கி ஜூம் பண்ணுங்கள். ஸ்பிரேயரில் தண்ணீர் அடித்துவிட்டு 'மார்கழிப் பனி' என்று பகிர்வதை மட்டும் செய்யாதீர்கள். அடித்திருந்தால் அடித்தது என்றே எழுதுங்கள்.

கைவேலையில் இன்னும் ஒன்று, படிகாரப் படிகம். நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும், திருஷ்டிக்கு வாசலில் கட்டுகிறோமே அதேதான். பெரியவர் ஒருவர் கூட இருந்து, சுடுநீரில் இனிக் கரையாது என்னும்வரை பொடியைக் கரைத்து, மேலே துணி மூடி, அசையாத இடத்தில் வையுங்கள். அவசரப்பட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் பொடிப்பொடியாகத்தான் கிடைக்கும். மெல்ல ஆறினால்தான் தெளிந்த படிகம் வளரும். அதில் நல்ல ஒன்றை நூலில் கட்டிப் புதுக் கரைசலில் தொங்கவிட்டால் பெரிதாகும். ஆனால் கரைசல் ஆறிய பிறகுதான் தொங்கவிட வேண்டும், சூட்டில் விட்டால் விதைப் படிகமே கரைந்துபோகும். வளர்ந்தது எட்டு முகத்தோடு இருக்கும். அதைப் பனிப்படிகம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

பனை ஓலையில் நட்சத்திரம் பின்னுவதாக இருந்தால் ஓலையைக் காய்ந்தபடி மடிக்காதீர்கள், வெடிக்கும். ஈரத்துணியில் சுற்றிவைத்துப் பதமானதும் மடியுங்கள். பின்னியதை வெயிலில் உலர்த்தாமல் பெட்டியில் போட்டால் பூசணம் பிடிக்கும்.

மார்கழியில் எங்கள் வீடுகளில் பிள்ளையார் நோன்பு வரும். திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள், 21 இழை நூல்திரியை மாவில் வைத்து ஏற்றி, எரியும் சுடரோடு எடுத்து வாயில் போட்டுக்கொள்வது. இழை எடுக்கும் அந்த நொடியைப் பலர் ஃபிளாஷ் அடித்துக் கெடுத்துவிடுகிறார்கள். சுடரின் மஞ்சள் முகத்தில் படுவதே தெரியாமல் போகும். ஃபிளாஷை நிறுத்துங்கள், கூடத்து விளக்கில் ஒன்றை மட்டும் விடுங்கள், போனைத் தூணோடு சாய்த்துப் பிடியுங்கள், சுடரைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். எடுப்பவரிடம் 'இன்னொரு தடவை' என்று கேட்க முடியாது. அதனால் ஆத்தா திரியை ஏற்றும்போதே அளவையெல்லாம் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.