பிரேக் ஆயிலை எப்போது பார்ப்பது, எப்படி மாற்றுவது

ஆடிச் சாரல் பிடித்துவிட்டால் நம் வீடுகளில் கருப்பட்டி கசியத் தொடங்கும். உப்பு ஜாடியின் அடியில் நீர் கோத்துக்கொள்ளும். யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. காற்றிலிருக்கும் ஈரத்தை அவை தாமாகவே இழுத்துக்கொள்கின்றன. வாகனத்தின் பிரேக் திரவமும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. பெரும்பாலும் கிளைகால் ஈதர் சேர்மங்களால் ஆன இத்திரவம், தான் நிரம்பியிருக்கும் கலத்தின் மூடியிலுள்ள காற்றுத் துளை வழியாகவும், சக்கரங்களுக்குச் செல்லும் ரப்பர் குழாய்களின் சுவர் வழியாகவும் சிறிது சிறிதாக ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்து, கடற்காற்றும் ஓயாத குமரி மாவட்டத்தில் அதற்கு ஈரப் பஞ்சம் என்பதே கிடையாது.

ஈரம் கலந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பிரேக் திரவத்தின் தரப் பிரிவுகளில் ஒன்றான டாட் (DOT) 3 வகைத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி, அதில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் அந்த எல்லை 140 டிகிரியாக இறங்கிவிடுகிறது. டாட் 4 வகைக்கு இதே எல்லைகள் 230, 155 டிகிரி. பேச்சிப்பாறையைத் தாண்டிக் கோதையாறு போய்விட்டு, ஆட்களை நிறைய ஏற்றிக்கொண்டு, பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே மலைச்சாலையில் இறங்கி வரும் காரில், சக்கரத்தோடு சுழலும் தட்டுகளான டிஸ்க்குகள் பல நூறு டிகிரி வரை சூடேறக்கூடியவை. அந்தச் சூடு, டிஸ்க்கைக் கவ்வும் உராய்வுக் கட்டையான பேட் வழியாக, அதை அழுத்தும் காலிப்பருக்குள் இருக்கும் திரவத்தை எட்டும்போது, பழைய திரவம் கொதித்து ஆவிக் குமிழ்களாகிறது. திரவம் அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கும். ஆகவே பெடலை மிதித்தால் அந்த விசை குமிழ்களை நசுக்குவதிலேயே தீர்ந்துபோய், சக்கரத்தைப் பிடிக்க ஏதும் மிஞ்சாமல், பெடல் பஞ்சுபோல் தரைவரை இறங்கிவிடும். அப்படி நேர்ந்தால் பெடலை வேகவேகமாக மிதித்து மிதித்து எடுப்பதும், கியரை ஒவ்வொன்றாகக் குறைப்பதும், கம்பியால் இயங்கும் கைப்பிரேக்கை மெல்ல மெல்ல இழுப்பதுமே வழி. சற்று நேரம் ஆறியபின் பெடல் மீண்டும் கெட்டியாகும். அதை நம்பிப் பயணத்தைத் தொடரக் கூடாது.

கொதிநிலையைத் தவிர, ஈரம், பெடலின் விசையைத் திரவ அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டரையும் காலிப்பர் பிஸ்டன்களையும் உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டிகளில் அந்தத் துரு நுண்ணிய வால்வுகளுக்குள் போனால் செலவு பல மடங்காகும்.

பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையோ 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையோ, எது முந்துகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறார்கள். நம் ஊரில் பலரும் கிலோமீட்டரை மட்டும் பார்க்கிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. வளைகுடாவில் வேலை பார்ப்பவர் ஷெட்டில் நிறுத்திவிட்டுப் போன கார் இரண்டு ஆண்டில் 4,000 கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. ஆனால் திரவம் நான்கு மழைக்காலங்களின் ஈரத்தைக் குடித்திருக்கும். விடுமுறைக்கு வந்ததும் குடும்பத்தோடு மலைக்கோ தொலைவுக்கோ கிளம்புமுன் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பார்ப்பது எளிது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, கலத்தின் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையில் திரவம் நிற்கிறதா என்று வெளியிலிருந்தே கவனிக்கவும். ஆர்வத்தில் மூடியை அடிக்கடி திறப்பது ஈரத்துக்கு வாசல் வைப்பதாகும். மட்டம் குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்ப வேண்டாம். பேட் தேயத் தேய மட்டம் சற்று இறங்குவது இயல்பு. எனவே பேட்டின் கனத்தையும், சக்கரங்களின் உள்புறம் கசிவு உண்டா என்பதையும் முதலில் பார்க்கவும். நிறம் இளமஞ்சளிலிருந்து பழுப்பாகிவிட்டால் மாற்றும் காலம் கடந்துவிட்டது. ஆனால் நிறம் தெளிவாக இருப்பதால் மட்டும் ஈரம் இல்லை என்று ஆகாது. பேனா வடிவச் சோதனைக் கருவியை நனைத்துப் பார்க்கலாம், அது தோராயமாகவே சொல்லும். என் கருத்தில் கருவியைவிட நாட்காட்டியே மேல்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் பிரேக் ஆயில் என்றே சொல்கிறோம். இது எண்ணெய் அன்று. பெயரை நம்பி இதில் எஞ்சின் ஆயிலை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் சீல்கள் ஊதி, அத்தனையையும் மாற்ற வேண்டிவரும். பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை என்ன செய்யும் என்பதைக் குலசேகரம் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூடியின் மேல் எந்த வகை எழுதியிருக்கிறதோ அதையே, சீல் உடையாத புதிய புட்டியில் வாங்கவும். டாட் 5 என்பது சிலிக்கோன், டாட் 5.1 அதிலிருந்து வேறானது. கிளைகால் வகையுடன் சிலிக்கோனைக் கலக்கவே கூடாது.

மாற்றுவதற்கு மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களில் ஒரு வெயில் நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. காருக்கு ஒரு லிட்டர் போதும். நிப்பிளுக்கு (ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கிலும் திரவத்தை வெளியேற்றும் சிறு திருகுக் குழல்) பொருந்தும் ரிங் ஸ்பேனர், கண்ணாடிபோல் தெளிந்த மெல்லிய குழாய், ஒரு காலிப் புட்டி, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சு, பெடலை மிதிக்க இன்னொருவர் ஆகியவை வேண்டும். வண்டியை ஜாக்கியால் தூக்கினால் தாங்கியின் மேல் நிறுத்திய பிறகே சக்கரத்தைக் கழற்றவும்.

முதலில் கலத்திலுள்ள பழைய திரவத்தைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துப் புதியதை மேல்கோடு வரை நிரப்பவும். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான சக்கரத்தில் தொடங்க வேண்டும். நம் வலப்பக்க ஓட்டுநர் கார்களில் அது பின் இடது சக்கரம். சில மாடல்களில் வரிசை வேறுபடும் என்பதால் கையேட்டைப் பார்த்துக்கொள்ளவும். குழாயின் ஒரு முனையை நிப்பிளில் மாட்டி, மறுமுனையைப் புட்டியில் சிறிது புதுத் திரவத்துக்குள் முங்கும்படி வைக்கவும். உள்ளிருப்பவர் பெடலை மிதித்துப் பிடித்ததும் நிப்பிளைக் கால் சுற்று தளர்த்தவும். பழைய திரவம் வெளியேறப் பெடல் இறங்கும். நிப்பிளை மூடிய பிறகே பெடலிலிருந்து காலை எடுக்க வேண்டும். மாறினால் காற்று உள்ளே போய்விடும். குழாயில் குமிழின்றித் தெளிந்த திரவம் வரும்வரை இதைத் தொடரவும். இடையிடையே கலத்தைப் பார்த்து நிரப்புவதை மறந்து அது வற்றிப்போனால், பட்ட பாடெல்லாம் வீணாகி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய வண்டிகளில் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து, அது தரைவரை இறங்காமல் தடுப்பது நல்லது. வழக்கமாகப் போகாத துருவேறிய பகுதிக்கு மாஸ்டர் சிலிண்டரின் சீல் போனால் கிழிய வாய்ப்புண்டு.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களின் வண்டிகளில் உப்புக் காற்றால் நிப்பிள் இறுகியிருக்கும். பலத்தைக் காட்டி முறித்துக்கொள்ளாமல், துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஓர் இரவு விட்டுப் பார்க்கவும். அசையாவிட்டால் மெக்கானிக்கிடம் விடவும். ஏபிஎஸ் உள்ள சில மாடல்களை முழுமையாக மாற்றக் கணினிக் கருவி தேவை.

பணிமனையில் கொடுப்பவர்கள் வண்டியைத் திரும்பப் பெறும்போது நிப்பிள்களைப் பார்க்க வேண்டும். ஒருமுறை மாற்றிவிட்டதாகப் பணம் வாங்கிய இடத்தில், நான்கு நிப்பிள்களிலும் சேறு கலையாமல் காய்ந்திருந்ததைக் கண்டேன். கலத்தில் இருந்ததை மட்டும் எடுத்துப் புதிதாக ஊற்றியிருந்தார்கள். கொதிக்கும் இடமான காலிப்பரில் பழையதே நின்றது.

டிஸ்க் பிரேக் உள்ள இருசக்கர வாகனங்களுக்கும் இதே முறைதான். முன் பிரேக்கின் கலம் கைப்பிடியில் சிறியதாக இருப்பதால் சீக்கிரம் வற்றும். சிந்தும் துளி பெயின்டைத் தின்றுவிடும் என்பதால் டாங்கின் மேல் துணி போர்த்திக்கொள்ளவும், பட்டுவிட்டால் துடைக்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவவும்.

முடிந்ததும் பெடலைப் பலமுறை மிதித்து, கெட்டியாக நிற்கிறதா, நிப்பிள்களில் கசிவு உண்டா என்று பார்த்து, ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிச் சோதிக்கவும். எஞ்சினை இயக்கியதும் பெடல் சற்று இறங்குவது, மிதிக்கும் விசைக்குத் துணைசெய்யும் பூஸ்டரால்; குறையன்று. மாற்றிய தேதியைக் கலத்தின் பக்கத்தில் எழுதி ஒட்டவும். புட்டியில் மிஞ்சியதை அடுத்த முறைக்கென்று வைக்க வேண்டாம், திறந்த புட்டியும் ஈரம் குடிக்கும். பழைய திரவத்தைக் கிணற்றடியிலோ ஓடையிலோ கொட்டாமல், கழிவு எண்ணெய் சேகரிக்கும் பணிமனையில், எண்ணெயோடு கலக்காமல் தனிப் புட்டியில் ஒப்படைக்கவும்.